கன்றுக்குட்டிக்கு இரண்டு எழுத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷம் பல ரயில்வேக்களைச் சேர்த்து ஒரே ரயில்வே ஆக்கினார்கள். இதனால் தென்காசி வழியாகப் போகிற வண்டிகளுக்கு என்ன மாறுதல் வந்தது என்று நானும் உற்று உற்றுப் பார்த்தேன். அதே இன்ஜின், அதே கரி, அதே டிரைவர், அவர் வாயில் அதே வெற்றிலை. தாமதமும் பழைய தாமதத்திலிருந்து இம்மி பிசகவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். பெட்டிகளின் மேல் பழைய கம்பெனிக்கு மூன்று எழுத்து இருந்தது. புது ரயில்வேக்கு இரண்டு எழுத்து.

மூன்றை அழித்து இரண்டை எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நீங்களும் நானும் கேட்போம். ரயில்வே அப்படியெல்லாம் அவசரப்படாது. அதற்கென்று ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தியது. அந்த இலாகா நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, பெட்டிக்கு ஓர் எழுத்து வீதம் மிச்சமாகிற பெயின்ட் யார் வீட்டுக்குப் போகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தது. பெயின்டரை மேஸ்திரி சந்தேகித்தார். மேஸ்திரியை ஸ்டோர் கீப்பர் சந்தேகித்தார். ஸ்டோர் கீப்பரைச் சந்தேகிக்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சந்தேகம் இப்படி ஒழுங்காகப் படியேறிப் போனதில் பெயின்ட் அடிக்கிற வேலை நின்றுபோயிற்று. பாதி எழுதின பெட்டிகள் எழுதினவரைக்கும் போதும் என்று லைனுக்கு வந்துவிட்டன.

அப்படி வந்த ஒரு மாட்டு வேகனில்தான் உலகம்மை ராஜபாளையத்தில் ஏறினாள்.

தென்காசியைத் தாண்டி, செங்கோட்டைக்குப் போகிற வழியில் மேட்டுவிளை என்று ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு. அந்த ஊரில் பால் விற்றுப் பிழைக்கிறவள் உலகம்மை. புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனவன். தீபாவளிக்கு வருவான், சில தீபாவளிக்கு வரமாட்டான். இருந்த கிழட்டு மாடும் அந்தப் பங்குனியில் செத்துப்போயிற்று. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஜனம் அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு காபிக்கு முண்டும். அங்கே காபி கிளப் வைத்திருந்த கடையநல்லூர் சேக் தாவூது, ஆனியில் பால் கொண்டுவந்தால் சீசன் முழுக்க அவளிடமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சீசன் பால்தான் அவளுக்கு வருஷம் பூராவும் சோறு. அதனால் காதில் கிடந்ததைக் கழற்றி விற்று ஒரு செவலைப் பசுவை வாங்கினாள். நிறைசினை மாட்டை அத்தனை தூரம் நடத்திக் கூட்டிவர மனசு கேட்காமல் ரயிலில் ஏற்றினாள். அவள் செய்த தப்பு இவ்வளவுதான்.

கூட வந்த உழவு மாடுகள் எல்லாம் சங்கரன்கோவிலில் இறங்கிவிட்டன. பசுவும் உலகம்மையும் மட்டும் மேட்டுவிளைக்கு வந்து சேர்ந்தார்கள். வேகனைக் கழற்றிப் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தாணுமாலயன் சாவியோடு வந்தார், எழுத்தைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

பிளாட்பாரத்தின் பக்கம் பழைய மூன்றெழுத்து இருந்தது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே புத்தம் புதிதாக இரண்டெழுத்து. தாணுமாலயன் ஒரு பழத்தை உரித்தால்கூட உள்ளே யாராவது எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிற மனிதர். தன்னைச் சிக்கவைப்பதற்காகவே மேலே இருக்கிற யாரோ இந்த வேகனை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்கு உடனே பட்டுவிட்டது.

"இந்தப் பக்கம் இருக்கது இல்லாத கம்பெனி எழுத்து, உலகம்மை. இல்லாத கம்பெனி வேகன நான் தொறந்து மாட்ட எறக்கிட்டேன்னு வையி. நாளைக்கு அப்படி ஒரு மாடே வரலன்னு மேல சொல்லிட்டாம்னா நான் என்ன செய்ய?"

"அப்பம் அந்தப் பக்கமாத் தொறங்க அய்யா," என்றாள் உலகம்மை, வேகன் கம்பிக்குள்ளிருந்து.

அந்தப் பக்கம் பிளாட்பாரம் கிடையாது. நிறைசினை மாடு ஓர் ஆள் உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். அதில் ஏதாவது ஆகிவிட்டால் அது புது ரயில்வேயின் கணக்கில் விழும் என்று அதற்கும் மறுத்துவிட்டார். மேலே கேட்டிருப்பதாகவும், பதில் வரும்வரை பொறுத்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு, வேகனைச் சுற்றி ஒரு கயிற்றையும் கட்டினார். மாடும் அவளும் உள்ளேயே கிடந்தார்கள். பசு மேலே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மறுநாள் விடியும்போது வேகனுக்குள்ளேயே கன்று போட்டுவிட்டது. கிடேரிக் கன்று. உலகம்மை தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

சாதாரணமாக மேட்டுவிளையிலிருந்து மேலே எழுதிக் கேட்டால், கேட்டவர் ரிடையராகிப் போன பிறகுதான் பதில் வரும். இந்தத் தடவை பதிலுக்குப் பதிலாக ஓர் அதிகாரியே அடுத்த வண்டியில் வந்து இறங்கினார். எழுத்து மாற்றத் தனி அதிகாரி ஆறுமுகநயினார். கூடவே அவர் சம்சாரம், மாமியார், மச்சினி, மச்சினியின் சம்பந்தி வீட்டார், ஐந்து டிரங்குப் பெட்டி, ஒரு பெரிய டின் நல்லெண்ணெய். இவ்வளவு துரிதம் எப்படி என்று நான் கொஞ்சம் யோசித்தேன். அந்த வாரம்தான் குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்திருந்தது.

ஆறுமுகநயினார் வேகனை மூன்று தடவை வலம் வந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். புது எழுத்துள்ள பக்கம் பிளாட்பாரத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே வேகனைத் திருப்ப வேண்டும். மேட்டுவிளையில் திருப்ப வழியில்லை. ஆகவே வேகனை, பசு, கன்று, உலகம்மை சகிதமாகச் செங்கோட்டைக்கு இழுத்துப்போய், இன்ஜின் திருப்புகிற சுழல்மேடையில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டெழுத்து பிளாட்பாரத்தைப் பார்த்து நின்றது. தாணுமாலயன் கதவைத் திறந்தார். பசு சட்டப்படி இறங்கியது. அதன் பின்னால் கன்றுக்குட்டி தத்தித் தத்தி வந்தது.

"நில்," என்றார் ஆறுமுகநயினார்.

ஏற்றியது ஒரு மாடு. இறங்குவது இரண்டு. இந்த இரண்டாவது மாடு எங்கிருந்து வந்தது, எந்த ஸ்டேஷனில் இதைத் திருட்டுத்தனமாக ஏற்றினாய் என்று உலகம்மையை விசாரித்தார். வழியில் பிறந்தது என்றாள். வேகனுக்குள் பிறந்ததற்குச் சாட்சி யார் என்றார். பசுதான் என்றாள். அவர் கொஞ்ச நேரம் பசுவைப் பார்த்துவிட்டு, கன்று விழும்போது அதன் தலை மூன்றெழுத்துப் பக்கம் இருந்ததா, இரண்டெழுத்துப் பக்கம் இருந்ததா என்று கேட்டார்.

"மாட்டுக்குப் பின்னால இருந்துச்சு அய்யா," என்றாள் உலகம்மை.

இந்தப் பதிலில் ஏதோ சூது இருப்பதாக அவர் குறித்துக்கொண்டார். பிறகு பிளாட்பாரத்தில் கூடியிருந்த எங்கள் எல்லோரையும் பார்த்துப் பேசினார். நல்ல கணீரென்ற குரல்.

"சிலர் நினைக்கிறார்கள், ரயில்வே என்றால் இன்ஜின், தண்டவாளம், பிரயாணி என்று. தவறு. இன்ஜின் வெடித்தால் வேறு இன்ஜின் வாங்கலாம். பிரயாணி போய்ச் சேர்ந்தால் வேறு பிரயாணி வருவான். எழுத்து போனால்? எது நம்முடையது என்று நமக்கே தெரியாது. என்னுடைய சர்வீஸில் நான் ஒரு ரயிலை ஓட்டியதில்லை. ஒரு மூட்டையைக்கூட ஊர் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. ஆனால் எழுத்தில்லாத ஒரு பொருளை ரயில்வே எல்லைக்குள் இருக்க விட்டதில்லை. இந்தக் கன்று புக் செய்யப்படவில்லை. ரயில்வே வேகனில், ரயில்வே லைனில் உற்பத்தியாகியிருக்கிறது. ஆகவே இது ரயில்வேயினுடையது. எழுத்து போடுங்கள்."

பெயின்டுக்கு அனுமதி இல்லை. அதோடு, இன்றைக்குச் சேர்த்தவர்கள் நாளைக்கே பிரித்தாலும் பிரிப்பார்கள், அப்போது மறுபடி அழிக்க வேண்டிவரும் என்கிற ஒரு முன்யோசனையும் ஆறுமுகநயினாருக்கு இருந்தது. ஆகவே தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் சந்தனமாரி சுண்ணாம்பைக் குழைத்து, கன்றின் இரண்டு விலாவிலும் இரண்டெழுத்து எழுதினான். கன்று நெளிந்ததால் ஓர் எழுத்து கோணிவிட்டது. அழித்து மறுபடி எழுதச் சொன்னார்கள். பிறகு அதை விளக்கு அறைக்குப் பக்கத்தில் கட்டினார்கள். பசுவை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று உலகம்மைக்கு உத்தரவாயிற்று.

இதற்குப் பிறகு தாணுமாலயனுக்குத் தூக்கம் போயிற்று. எழுத்தில்லாத பொருள் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று வாளி, மணி, விளக்கு, நாற்காலி எல்லாவற்றிலும் சுண்ணாம்பு எழுத்துப் போடச் சொன்னார். அவசரத்தில் சந்தனமாரி தன்னுடைய தூக்குச்சட்டிக்கும் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவன் பெண்டாட்டி சோற்றை வாழை இலையில் கட்டிக் கொண்டுவந்து, ஸ்டேஷனில் வைத்து அந்தச் சட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

உலகம்மை வீட்டில் செவலைப் பசு பால் தரவில்லை. கன்று முட்டாமல் மடியைத் தொட்டால் பாலை மேலே இழுத்துக்கொண்டு காலால் உதைத்தது. மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரியும். ஆறுமுகநயினாருக்குத் தெரியாது, இது உலகம்மை மாட்டுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை என்று அவர் சொன்னார். அவள் கெஞ்சியதில், காலையும் மாலையும் பசுவை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து கன்றைக் காட்டிக் கறந்துகொள்ள இசைந்தார். ஆனால் பால் சுரப்பது ரயில்வே கன்றினால். கறப்பது ரயில்வே இடத்தில். ஆகவே முதல் செம்பு குற்றாலத்தில் அதிகாரி குடும்பம் தங்கியிருந்த பங்களாவுக்குப் போக வேண்டும் என்றார்.

அதற்கும் சரி என்றாள். மிச்சத்தைச் சுமந்துகொண்டு குற்றாலத்துக்கு ஓடினாள். இரண்டு நாள் சேக் தாவூதின் கிளப்பில் அவள் பால் காபியாயிற்று. மூன்றாம் நாள் காலையில் தாணுமாலயன் கன்றைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். விலாவில் எழுத்தைக் காணவில்லை.

அரசாங்க எழுத்தை அழித்தவள் என்று உலகம்மையை உட்காரவைத்து விசாரித்தார்கள். கையை முகர்ந்து பார்த்தார்கள். சுண்ணாம்பு வாசனை இருந்தது; ஆனால் அவள் வெற்றிலை போடுகிறவள். மறுபடி எழுதி, சந்தனமாரியைக் காவல் வைத்தார்கள். அன்று மாலை பசு வந்து போனதும் அவன் அதிகாரியிடம் போய் நின்றான்.

"அய்யா, எழுத்த அழிக்கது பசுதான். கன்ன நக்குதுல்லா, அதோட எழுத்தும் போயிருது."

ஆறுமுகநயினார் கண்ணைச் சுருக்கினார். "யார் சொல்லிக்கொடுத்து நக்குகிறது?"

சந்தனமாரி நல்லவன். அவனுக்குத் தெரிந்தவரை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றான். அதை அவர் ஏற்கவில்லை. இனிமேல் பசு நாளுக்கு ஒரு தரம்தான் வரலாம். வரும்போது கன்றின் மேல் எழுத்து மறையும்படி கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தில் நின்று பசுவின் நாக்கைக் கண்காணிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சாக்கு கட்டின கன்றைப் பசு முகர்ந்து பார்த்தது. அதில் யாரோ ஏற்றி அனுப்பின கருவாட்டு வாசனை அடித்தது. இது தன் கன்றுதானா என்று அதற்கும் சந்தேகம் வந்துவிட்டது. அரை மனசாகச் சுரந்தது. கன்று குடித்து, பங்களாவுக்குச் செம்பு போய், உலகம்மைக்கு அடிப்பாத்திரம் நனைகிற அளவுக்குத்தான் மிஞ்சியது.

சேக் தாவூது ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஆலங்குளத்து ஆள் ஒருவனிடம் பாலுக்குச் சொல்லிவிட்டார். அதை அவளிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "எனக்கும் கட நடக்கணும்லா, உலகம்மை," என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் வயிறு கூடுதலாக எரிந்தது.

இனி ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசிப் பயனில்லை என்று அவள் நேரே குற்றாலத்துப் பங்களாவுக்குப் போனாள். ஆறுமுகநயினார் கோவணத்தோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடியன் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். காலையில் பெரிய அருவி, மத்தியானம் ஐந்தருவி, சாயங்காலம் விசாரணை என்று அவர் வேலையைப் பிரித்து வைத்திருந்தார். உலகம்மை காலில் விழவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

"அய்யா, சாரல் நின்னா என் பொழப்பும் நின்னுரும். காதுல கெடந்தத வித்து வாங்குன மாடு. கன்ன விட்டுருங்க அய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"விசாரணை நடந்துகொண்டிருக்கிறதே அம்மா. பாதியில் விட்டால் உன் மேல் சந்தேகம் நிற்கும். உன் நன்மைக்காகத்தான் நான் இங்கே கிடந்து கஷ்டப்படுகிறேன்."

"எப்பம் முடியும்?"

அவர் திரும்பிப் பங்களாக் காவல்காரனைக் கேட்டார். "இந்த வருஷம் தண்ணீர் எதுவரைக்கும் விழும்?"

"ஆவணி பாதி வரைக்கும் விழும் அய்யா."

"ஆவணி பாதியில் முடியும்," என்றார் அவளிடம்.

திரும்பி வருகிற வழியெல்லாம் உலகம்மை அழுதாள். துக்கத்தில் அழவில்லை, கோபத்தில் அழுதாள். இதுவரை அந்த மனிதன் தன்னைச் சந்தேகப்படுகிறான் என்று நினைத்திருந்தாள். அவன் ஒரு நிமிஷம்கூடத் தன்னைச் சந்தேகப்பட்டதே இல்லை என்று இப்போதுதான் புரிந்தது.

காவல்காரன் சொன்னது ஏறக்குறையச் சரியாக இருந்தது. ஆவணியில் சாரல் நின்று, அருவி மெலிந்து, ஜனம் கலைந்தது. ஆறுமுகநயினார் அன்றைக்கே கன்றை உலகம்மையிடம் ஒப்படைத்தார். ஒரு நிபந்தனையும் போட்டார். இந்தக் கன்று எழுத்து பெற்ற கன்று; ஆகவே வருஷம் தவறாமல் ஆனி மாதம், கன்று எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்கு, எழுத்து அதிகாரியே நேரில் வந்து தங்கி அதைப் பார்வையிட வேண்டும். தாயையும் அடையாளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதற்கு மேலேயிருந்து நிரந்தர அனுமதி வாங்கியாயிற்று.

"ஆவணியில வந்து பாத்தா ஆவாதா அய்யா?" என்று கேட்டாள்.

"ஆனியில் பிறந்ததை ஆனியில்தான் பார்க்க வேண்டும்," என்றார். டிரங்குப் பெட்டிகள் வண்டியில் ஏறின. எண்ணெய் டின் காலியாக ஏறியது.

கையில் கன்று இருந்தது, மாட்டில் பால் இருந்தது, வாங்க ஆள் இல்லை. அந்த வருஷத்தை உலகம்மை எப்படித் தள்ளினாள் என்று நான் சொல்லப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அது தெரியக்கூடாது என்று அவள் வெறும் அடுப்பை மூட்டிப் புகை காட்டிய நாட்கள் உண்டு.

அடுத்த வைகாசியில் பசு மறுபடி நிறைசினையாக இருந்தது. கிடேரி பால்குடி மறந்து வளர்ந்து நின்றது. சேக் தாவூதும் பாலுக்குச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் கிடேரியை வைத்துத் தீனி போட முடியாதவர்கள் வாரத்துக்கு விடுவார்கள். வளர்க்கிறவனும் உடையவனும் பிறகு பலனைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். உலகம்மையும் விட்டாள். உள்ளூரில் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, விளாத்திகுளத்துக்கும் அப்பால் கரிசல் காட்டில் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரியிடம் கயிற்றைக் கொடுத்தாள். பங்கில் அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தருவதாகவும் சொன்னாள். அது அவள் முந்தானையில் துடைத்த கன்று.

ஆனி பிறந்தது. ஆறுமுகநயினார் வந்து இறங்கினார். இந்தத் தடவை சம்பந்தி வீட்டாரின் சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். எண்ணெய் டின் இரண்டு. மலையில் மேகம் இறங்கி, பிளாட்பாரத்தில் பூத்தூறல் விழுந்துகொண்டிருந்தது. உலகம்மை உத்தரவுப்படி தாய்ப்பசுவைக் கொண்டுவந்து, ஸ்டேஷன் வேலிக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கன்று எங்கே?"

"வாரத்துக்கு விட்டுட்டேன் அய்யா. விளாத்திகுளம் தாண்டி நிக்கி."

அது எங்கே இருக்கிறது என்று அவர் தாணுமாலயனைக் கேட்டார். அதைச் சொல்லும்போது தாணுமாலயன் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு களை இருந்தது. ரயில் கிடையாது, பஸ்ஸில் போய் இறங்கி, பிறகு கரிசலில் நடக்க வேண்டும், ஆனியில் அங்கே காற்று அனலாக அடிக்கும், குளிக்கிறதற்குக் கிணற்றில் உப்புத் தண்ணீர் அரைத் தொட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம், பங்களா கிடையாது, வேப்பமரம் உண்டு. கன்று எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்கு அதிகாரியே நேரில் போய்த் தங்க வேண்டும் என்று உத்தரவில் இருப்பதையும் மரியாதையாக ஞாபகப்படுத்தினார்.

ஆறுமுகநயினார் மலையைப் பார்த்தார், எண்ணெய் டின்னைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு கணீரென்று சொன்னார். "எழுத்து என்றால் பெயின்டில் எழுதியது. சுண்ணாம்பில் எழுதியது எழுத்தே அல்ல. அந்தக் கன்று எந்தக் காலத்திலும் ரயில்வேயினுடையதாக இருந்ததில்லை. யாரோ தவறுதலாகச் செய்திருக்கிறார்கள். விஷயம் இத்தோடு முடிந்தது."

ஒரு சீசன் முழுக்க நடந்த விசாரணை, நின்றுகொண்டிருந்த வண்டி ஊதுவதற்குள் முடிந்துவிட்டது. விசாரணை இல்லையென்றால் பங்களா இல்லை. சம்பந்தி வீட்டார் டிரங்குப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தார்கள். திரும்புகிற வண்டி எப்போது என்று மச்சினி மட்டும் கேட்டாள்.

ஆறுமுகநயினார் வேலியோரம் நடந்து வந்தார். அவர் பார்வை பசுவின் வயிற்றில் போய் நின்றது. வயிறு பக்கவாட்டில் புடைத்து, மடி இறங்கி, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, முதல் தடவையாக அன்பாகக் கேட்டார்.

"ஏம்மா, இது எப்போது கன்று போடும்?"

"இது மலட்டு மாடு அய்யா," என்றாள் உலகம்மை. சொல்லிக்கொண்டே கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, மாட்டை வேலியிலிருந்து இன்னும் நாலடி தள்ளி நிறுத்திக்கொண்டாள்.